தலைமாட்டில் ஓர் அடை: வேதத்தின் சிறு விவரங்களில் ஆறுதல் காணும் வழி

பெரிய வசனங்கள் மனத்துக்குள் இறங்காத நாட்கள் விசுவாசமுள்ளவர்களுக்கும் வருவதுண்டு. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28ஐ வேதாகமத்தைத் திறக்காமலே சொல்லக்கூடியவர்கள், வீட்டில் ஒரு சாவு நேர்ந்த வாரத்தில் அதே வசனத்தைப் பிறர் வாயிலிருந்து கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். நானும் அப்படித் திருப்பிக்கொண்டவன்தான். அந்த வசனத்தில் ஒரு குறையும் இல்லை. நெஞ்சு கனத்துப்போன நேரத்தில் உலகம் முழுவதையும் அளாவுகிற ஒரு வாக்கியத்தை ஏந்திக்கொள்ள நமக்குத் திராணி இருப்பதில்லை, அவ்வளவுதான். அத்தகைய நாட்களில் ஒரு தலையணை, கொஞ்சம் பசும்புல், ஒரு பழந்துணி, ஒரு வேளைச் சாப்பாடு என்று வேதத்தில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கிற சிறு விவரங்கள், பெரிய வாக்குத்தத்தங்கள் புகமுடியாத இடத்தில் புகுந்துவிடுகின்றன. அவற்றைக் கண்டுகொள்ளும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

என் தாயார் மூச்சுத்திணறலால் தட்டையாகப் படுக்க முடியாமல், மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இரவுகளைக் கழித்த காலத்தில், மாற்கு எழுதின சுவிசேஷத்தை அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துவந்தேன். நான்காம் அதிகாரத்தின் முடிவில் புயல் வருகிறது. இயேசு கப்பலின் பின்னணியத்தில் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார் என்ற இடத்தை வாசித்தபோது அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தி, "தலையணையா? திரும்ப வாசி" என்றார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வேதம் வாசித்தவருக்கு அந்தச் சொல் அன்றுதான் கண்ணில் பட்டது. ஆண்டவர் காற்றை அதட்டின பகுதிக்கு அன்றிரவு நாங்கள் போகவே இல்லை. அவருக்கும் அசதி இருந்தது, அவர் தலைக்கும் ஓர் அணை வேண்டியிருந்தது என்ற செய்தியோடு தாயார் கண்களை மூடிக்கொண்டார்.

எந்தப் பகுதியில் தொடங்குவது

கதையாக விரியும் பகுதிகளில் தொடங்குங்கள். சங்கீதங்களும் நிருபங்களும் நேரடியாக ஆறுதல் சொல்பவை. அவற்றின் சொற்கள் நமக்கு மிகவும் பழகிப்போனதால், வாசிக்கும்போதே நாக்கு முந்திக்கொண்டு முடித்துவிடுகிறது. கதைப் பகுதிகளிலோ ஆறுதல் ஓரங்களில் கிடக்கிறது. மாற்கு, யோவான் ஆகிய இரு சுவிசேஷங்கள், ரூத்தின் புத்தகம், சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் முதல் மூன்று அதிகாரங்கள், முதலாம் இராஜாக்களில் எலியாவைப் பற்றிய 17 முதல் 19 வரையிலான அதிகாரங்கள், அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி இரண்டு அதிகாரங்கள் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வசனங்களுக்கு மேல் போகாமல் வாசிப்பது நல்லது. ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணையைக் கடைப்பிடிப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் தலையணைகள் கண்ணில் படுவதில்லை என்பதால், இதற்கென்று தனியாக ஒரு கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

வாய்விட்டு வாசியுங்கள். கண் தாவிச் செல்லும் சொற்களை நாக்கு தாவ முடியாது. முடிந்தால் அந்தச் சில வசனங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதுங்கள். எழுதுகிறவனுக்கு ஒவ்வொரு சொல்லின் எடையும் விரல்களில் தெரியும். எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்பவர்கள் உண்டு. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளியான மொழிபெயர்ப்பே சீர்திருத்த சபைகளில் பெரும்பாலோர் கையில் இன்றும் இருக்கிற பழைய திருப்புதலின் அடிப்படை. அதன் வாக்கிய அமைப்பு இன்றைய காதுக்குக் கடினமாக இருந்தாலும், அதிலுள்ள பொருள்களின் பெயர்கள் வயலிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்தவை. அணியம் என்பது இன்றும் நம் கடலோர மீனவர்கள் படகின் முன்பகுதிக்குச் சொல்லும் சொல். ரூத் கதிர் பொறுக்கின வயலில் வருகிற அரி, நெல் அறுத்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத சொல். கத்தோலிக்கருக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாக 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், பழைய நடையில் மங்கலாகத் தெரிந்தது பல இடங்களில் துலங்கும்.

கேட்க வேண்டிய கேள்வி

வாசித்து முடித்தபின் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பகுதியிலிருந்து எதை எடுத்துவிட்டாலும் கதை குறையில்லாமல் நிற்கும்? அந்த இடத்தில்தான் நாம் தேடுவது இருக்கிறது. கதைக்குத் தேவையில்லாத ஒன்றை, தோலிலும் நாணற்தாளிலும் கையால் எழுதி, கையாலேயே பிரதி எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால், கண்டவர்களால் அதை மறக்க முடியவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எரேமியா தீர்க்கதரிசியைத் துரவிலிருந்து தூக்கியெடுத்த கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிற வேளையில், சிதேக்கியா ராஜாவின் பிரபுக்கள் எரேமியாவைத் தண்ணீரில்லாமல் உளை, அதாவது சேறு, மட்டுமே இருந்த துரவில் இறக்கிவிடுகிறார்கள்; அவர் உளையில் அமிழ்ந்துகொண்டிருக்கிறார். ராஜாவின் அரமனையில் வேலை செய்த எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக் ராஜாவிடம் பேசி அனுமதி பெற்று, 30 பேரை அழைத்துக்கொண்டு வருகிறான். கயிறு விட்டுத் தூக்கினார்கள் என்று எழுதினால் கதை முடிந்தது. ஆனால் எரேமியா 38ஆம் அதிகாரத்தின் 11, 12ஆம் வசனங்கள் நம்மை வேறோர் இடத்துக்கு அழைத்துப்போகின்றன. எபெத்மெலேக் முதலில் பொக்கிஷ அறையின் கீழிருந்த இடத்துக்குப் போய், கிழிந்த பழம்புடவைகளையும் கந்தைகளையும் தேடி எடுத்து, அவற்றையும் கயிற்றோடு துரவுக்குள் இறக்கி, கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறான். நகரம் பட்டினியில் கிடக்கிறது, பிரபுக்கள் எந்த நேரமும் மனம் மாறலாம், ஆனாலும் அந்த மனிதன் கயிறு பட்டால் தோல் உரியுமே என்று யோசித்துப் பழந்துணி தேடப் போனான். மருத்துவமனையில் ஊசி குத்துவதற்கு முன்பு தன் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நோயாளியின் கையைப் பிடிக்கிற செவிலியர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு வசனங்கள் விளங்கும். அடுத்த அதிகாரத்தில், நகரம் விழுகிற நேரத்தில் எபெத்மெலேக் தப்புவான் என்ற வாக்கைக் கர்த்தர் அவன் பெயரைச் சொல்லியே கொடுக்கிறார். அதையும் தவறாமல் வாசியுங்கள்.

தேடும்போது சில வகைப் பொருள்களில் கண் நிற்கப் பழக்குங்கள்: சாப்பாடு, துணி, நெருப்பு, பொழுது, தூரம், பெயர். அன்னாள் ஆலயத்தில் விட்டுவந்த மகனுக்கு ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக்கொண்டு வந்தாள் என்று 1 சாமுவேல் 2:19 சொல்கிறது. சென்ற ஆண்டின் அளவு இந்த ஆண்டுக்குப் போதாது. வளர்ந்திருக்கிற பிள்ளையின் தோளகலத்தைப் பார்க்காமலே மனத்தால் அளந்து அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும். படிப்புக்காகவோ வேலைக்காகவோ பிள்ளையைத் தூரத்தில் விட்டிருக்கிற தாய்மார்களிடம் இந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கள், விளக்கமே வேண்டியிருக்காது.

எலியாவின் அடை

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நான் இந்த வகை வாசிப்பின் பள்ளிக்கூடமாகவே கருதுகிறேன். ஆகையால் இதில் சற்று நின்று போவோம்.

கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்ற எலியா, அடுத்த அதிகாரத்தில் ராணி யேசபேலின் ஒரே மிரட்டலுக்கு அஞ்சி பெயெர்செபாவுக்கு ஓடி, வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார். இந்த இடத்தில் ஒரு கண்டனம் வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். விசுவாசம் குறைந்துபோயிற்றா என்று யாராவது கேட்பார்கள் என்று நினைக்கிறோம். தூதன் வந்து அவரைத் தட்டியெழுப்பி, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்கிறான். தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் அவர் தலைமாட்டில் இருந்தன.

இங்கே ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்துப் பாருங்கள். தட்டியெழுப்பினான்: தூரத்தில் நின்று கூப்பிடவில்லை, தொட்டான். தழலில் சுடப்பட்டது: ஆறிப்போனதைக் கொடுக்கவில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே சுட்டிருக்க வேண்டும். அடை: நம் வீட்டுக் கல்லில் சுடுகிற அதே பெயர். தலைமாட்டில்: எழுந்து நடந்துபோய் எடுக்க வேண்டிய தூரத்தில் வைக்கவில்லை. நோயாளி இருக்கிற வீட்டில் செம்புத் தண்ணீர் எங்கே வைக்கப்படுமோ அந்த இடத்தில் இருந்தது. இதற்கு அடுத்து வருகிற விவரம்தான் என் தாயாருக்கு மிகவும் பிடித்தது. எலியா புசித்துக் குடித்து, திரும்பப் படுத்துக்கொண்டார். அற்புதமாய் வந்த உணவைச் சாப்பிட்ட பிறகும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கும் அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. தூதன் இரண்டாந்தரம் வந்து தட்டியெழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொல்லி, இம்முறை ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறான்: நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.

"எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்பது ஒன்பதாம் வசனத்தில்தான். அதற்கு முன்பாக இரண்டு தூக்கமும் இரண்டு வேளைச் சாப்பாடும் நாற்பது நாள் நடையும் முடிந்திருக்கின்றன. இந்த வரிசையை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொற்களைப் போலவே வரிசையும் ஒரு விவரம். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று குறித்துவைத்தால் வேதத்தின் வேறொரு மூலையில் அது உங்களுக்கு உதவும்.

ஒன்றோடொன்று ஒப்பிடுதல்

சுவிசேஷங்கள் நான்கு இருப்பது இந்த வேலைக்குப் பெரிய உதவி. ஒரே நிகழ்ச்சியை இரண்டு மூன்று பேர் சொல்லியிருந்தால், அவற்றை அடுத்தடுத்து வாசித்து, ஒருவர் மட்டுமே சொன்னதைத் தனியாகக் குறியுங்கள். புயலைப் பற்றி மத்தேயு 8ஆம் அதிகாரத்திலும் லூக்கா 8ஆம் அதிகாரத்திலும் எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் தலையணை இல்லை. மாற்கு மட்டும் வேறே படவுகளும் அவரோடேகூட இருந்ததாகச் சொல்கிறார். அந்தப் படவுகளைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் வருவதில்லை. ஆனாலும் காற்று அமர்ந்தபோது, அவர் இருந்த கப்பலைச் சுற்றி மட்டும் அமரவில்லையே. யாரும் பெயர் குறிக்காத அந்தப் படவுகளில் இருந்தவர்களுக்கும் கடல் அடங்கிற்று. மாற்கு, பேதுரு சொல்லக் கேட்டவற்றை எழுதினார் என்று 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பப்பியாஸ் குறிப்பிட்டிருக்கிறார். படகிலேயே வளர்ந்த ஒருவருடைய நினைவு இந்த வரிகளில் இருக்கிறது என்று எண்ணி வாசிக்கும்போது தலையணை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1986இல் நீர் வற்றியிருந்த கலிலேயாக் கடலின் கரைச் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட முதல் நூற்றாண்டுப் படகு ஏறக்குறைய 8 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும் உள்ளது. அத்தனை சிறிய இடத்தில், அலைகள் உள்ளே விழுகிற நேரத்தில், ஒருவர் தூங்குவதைத் தூங்காத பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அற்புதம் நான்கு சுவிசேஷங்களிலும் உண்டு. புல் பசுமையாய் இருந்தது என்று சொல்பவர் மாற்கு. அப்பங்கள் வாற்கோதுமையாலானவை என்றும், பஸ்கா சமீபமாயிருந்தது என்றும் சொல்பவர் யோவான். இரண்டையும் சேர்த்தால், மழைக்காலம் முடிந்து, வெயில் புல்லைக் காயவைப்பதற்கு முந்திய சில வாரங்கள் என்று காலம் தெளிவாகிறது. வாற்கோதுமை ஏழைகளின் தானியம். மீதியான துணிக்கைகள் சேதமாய்ப் போகாதபடிக்குச் சேர்த்துவைக்கச் சொன்னதையும் யோவான்தான் எழுதுகிறார். சாப்பாட்டை வீணாக்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு கட்டளை ஆண்டவரை மிகவும் அருகில் கொண்டுவந்துவிடும்.

ஒரே புத்தகத்துக்குள்ளும் ஒப்பிடலாம். என் அனுபவத்தில் மிகுந்த பலன் கிடைத்தது அப்படித்தான். யோவான் 18:18இல், குளிராயிருந்தபடியால் வேலைக்காரர் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்கிறார்கள். பேதுரு அவர்களோடு நின்று குளிர்காய்கிறார். அந்த நெருப்பருகேதான் அவர் ஆண்டவரை அறியேன் என்று மறுதலிக்கிறார். யோவான் 21:9இல், இரவு முழுவதும் வலை போட்டவர்கள் கரைக்கு வரும்போது கரிநெருப்புப் போட்டிருக்கிறது, அதன்மேல் மீன் வைத்திருக்கிறது, அப்பமும் இருக்கிறது. கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டே இடங்களில் வருகிறது. விறகு நெருப்புக்கும் கரிநெருப்புக்கும் வாசனை வேறு. தேய்ப்புக்கடையின் அருகில் குடியிருந்தவர்களுக்கு அது தெரியும். கரையேறிய பேதுருவின் மூக்கில் முதலில் ஏறியது அவர் மறுதலித்த அந்த முற்றத்தின் வாசனையாகத்தான் இருந்திருக்கும். அங்கே மூன்று தரம் மறுத்தவரிடம், இங்கே உயிர்த்தெழுந்த ஆண்டவர் மூன்று தரம் அன்பைப் பற்றிக் கேட்கிறார்.

ஆனால் எப்போது கேட்கிறார் என்று பாருங்கள். வாருங்கள், போஜனம்பண்ணுங்கள் என்பது 12ஆம் வசனம். அவர்கள் போஜனம்பண்ணினபின்பு என்று 15ஆம் வசனம் தொடங்குகிறது. சூரைச்செடியின் கீழே கண்ட அதே வரிசை கலிலேயாக் கரையிலும் இருக்கிறது: சாப்பாடு முதலில், கேள்வி பிறகு. எலியாவின் பக்கத்தில் வரிசையைக் குறித்துவைத்திருந்ததால்தான் எனக்கு இது தெரிந்தது. பிறகு மாற்கு 5:43ஐ வாசித்தபோது அதே கை மூன்றாம் முறையாகத் தென்பட்டது. யவீருவின் மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, மரணத்திலிருந்து எழுந்து நடக்கிறாள். வீட்டார் பிரமித்து நிற்கிறார்கள். ஆண்டவர் அவளுக்கு ஆகாரம் கொடுக்கச் சொல்கிறார். பிள்ளை சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் நினைவிருந்தது.

நிருபங்களின் கடைசிப் பக்கங்களும் அதிகாரங்களின் ஓரங்களும்

வாழ்த்துச் சொல்லுங்கள் என்று பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும் பகுதிகளைப் பெரும்பாலோர் தள்ளிவிடுகிறோம். 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில், நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்று எழுதிய பவுல், அதே பக்கத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவன் வசத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துவரும்படி கேட்கிறார். மாரிகாலத்துக்கு முன்பே வந்துசேர் என்பது 21ஆம் வசனம். நீதியின் கிரீடத்தை நிச்சயமாக நம்பியவருக்கும் அந்த மழைக்காலத்தில் குளிர் இருந்தது. அதை வெளியே சொல்வது அவருக்கு விசுவாசக் குறைவாகத் தோன்றவில்லை. வேதாகமத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததற்காக 1536இல் கொல்லப்பட்ட வில்லியம் டிண்டேல், அதற்கு முந்திய குளிர்காலத்தில் வில்வோர்டு சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலும், குளிருக்கு ஏற்ற தொப்பியையும் கனமான மேலாடையையும், கூடவே எபிரேய வேதாகமத்தையும் கேட்டிருக்கிறார். உடம்பின் தேவையைச் சொல்ல வெட்கப்படுகிற நோயாளிகளுக்கு இந்த மேலங்கியைக் காட்டுங்கள்.

அப்போஸ்தலர் 28:15ஐயும் விட்டுவிடாதீர்கள். கப்பற்சேதத்தையும் விரியன் பாம்பையும் தாண்டி, காவலில் ரோமுக்கு நடந்துகொண்டிருந்த பவுலை எதிர்கொள்ள, சகோதரர் சிலர் அப்பியுபுரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் வந்தார்கள். ரோமிலிருந்து அப்பியுபுரம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். மூன்று சத்திரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அவர்கள் என்ன பேசினார்கள் என்று லூக்கா எழுதவில்லை. அவர்களைக் கண்டு பவுல் தைரியமடைந்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அதிகாரப் பிரிவுகளைத் தாண்டி வாசிக்கவும் பழகுங்கள். அதிகாரங்கள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீவன் லாங்டன் பிரித்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் இட்டவை. அவை வசதிக்காகப் போட்ட கோடுகள். யோவான் 7ஆம் அதிகாரம், அவரவர் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள் என்று முடிகிறது. 8ஆம் அதிகாரம், இயேசு ஒலிவமலைக்குப் போனார் என்று தொடங்குகிறது. நடுவிலுள்ள கோட்டை மறந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பழமையான கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இந்தப் பகுதி இல்லை என்று பல வேதாகமங்களின் அடிக்குறிப்பிலேயே இருக்கும். அதை அறிந்துகொண்டே நான் வாசிக்கிறேன். திருமண மண்டபத்திலிருந்து எல்லாரும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிய பிறகு தனியாக வீடு திரும்புகிறவர்களுக்கு இந்த இரண்டு வரிகளைவிட அதிகம் சொல்லத் தேவையில்லை.

எதை ஏற்கக்கூடாது

இந்தப் பழக்கத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறு விவரம் என்றாலே உருகிவிடுகிற மனத்துக்கு யார் எதைச் சொன்னாலும் இனிக்கும். யோவான் 20:7இல், வெறுமையான கல்லறையில், ஆண்டவருடைய தலையில் சுற்றியிருந்த சீலை தனியே ஓரிடத்தில் சுருட்டி வைத்திருந்தது என்று வருகிறது. யூத எஜமான் சாப்பாட்டு மேசையில் துணியை மடித்து வைத்தால் திரும்பி வருவேன் என்று பொருள், ஆகவே இது இரண்டாம் வருகைக்கு அடையாளம் என்று ஒரு விளக்கம் ஈஸ்டர்தோறும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அப்படியொரு வழக்கத்துக்குப் பழைய யூத நூல்களில் ஆதாரம் கிடையாது. அந்தச் சீலை மேசைத் துணியும் அல்ல. ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவதைப் பற்றிய வசனத்துக்கு விளக்கமாக, எருசலேமில் ஊசியின் காது என்று ஒரு சிறிய வாசல் இருந்தது என்று சொல்வதற்கும் சான்று இல்லை. பயப்படாதே என்ற சொல் வேதத்தில் 365 முறை வருகிறது என்ற கணக்கும் எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஒத்துவருவதில்லை. இவற்றைப் பரப்புகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பரப்புகிறார்கள். ஆனால் ஒருவர் மிகவும் சோர்ந்திருக்கும் வேளையில் பிடித்துக்கொண்ட கொம்பு பொய் என்று பின்னால் தெரியவந்தால், அதோடு சேர்த்து மெய்யானதையும் அவர் சந்தேகிப்பார். அந்த இழப்பை நான் ஒருவரிடம் நேரில் கண்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே கண்டெடுத்த விவரத்தைச் சோதித்துப் பாருங்கள். அது வசனத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது யாரோ சொன்ன பின்னணிக் கதையில் மட்டும் இருக்கிறதா? முன்னும் பின்னும் உள்ள வசனங்களோடு அது ஒத்துப்போகிறதா? இன்னொரு மொழிபெயர்ப்பிலும் அது நிற்கிறதா? இந்தச் சோதனையில் அந்தச் சீலையே உண்மையான ஆறுதலைக் கொடுப்பதைக் காணலாம். லாசரு கல்லறையிலிருந்து வெளியே வந்தபோது அவன் முகம் சீலையால் சுற்றப்பட்டிருந்தது என்று யோவான் 11:44 சொல்கிறது. கிரேக்கத்தில் இரண்டு இடங்களிலும் ஒரே சொல். லாசருவைக் கட்டவிழ்க்கப் பிறர் வேண்டியிருந்தார்கள். மரணம் அவனுக்கு மறுபடியும் காத்திருந்தது. இங்கேயோ சீலைகள் கழற்றி விடப்பட்டுக் கிடக்கின்றன, ஒன்று சுருட்டி வைக்கப்பட்டும் இருக்கிறது. அவசரம் எதுவும் அங்கே தெரியவில்லை. கற்பனை வழக்கம் ஒன்றும் இதற்குத் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் அடையாளமாக மாற்றுகிற ஆசையையும் அடக்குங்கள். யோவான் 21ஆம் அதிகாரத்தில் வலையில் அகப்பட்ட 153 மீன்களுக்கு நூற்றாண்டுகளாகப் பொருள் தேடியிருக்கிறார்கள். மீன் பிடிக்கிறவர்கள் பிடித்ததை எண்ணுவார்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பிறருக்குக் கொடுக்கும்போது

நோட்டுப் புத்தகத்தில் தேதி, வசன எண், அந்தச் சொல் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். கீழே ஒரு வரியில் அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று குறித்துவையுங்கள். விளக்கம் எழுதத் தொடங்கினால் அது பிரசங்கக் குறிப்பாகிவிடும். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பலர் ஆண்டு முழுவதும் வேதாகமத்துக்குள் வைத்திருப்பார்கள். அதைப்போலவே இந்தச் சொற்களில் ஒன்றை ஒரு வாரத்துக்கு மனத்தில் வைத்திருக்கலாம். பேருந்தில் நிற்கும்போதும், மருந்துக்கடையில் காத்திருக்கும்போதும், தலைமாட்டில், தலைமாட்டில் என்று அந்தச் சொல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

துக்கவீட்டுக்குப் போகும்போது இவற்றில் எதையும் முதலில் சொல்லாதீர்கள். எலியாவுக்கும் பேதுருவுக்கும் நடந்த வரிசையில் நீங்களும் போங்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு இட்லியோ கஞ்சியோ கொண்டுபோங்கள். படுத்திருப்பவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீர் வையுங்கள். சாப்பிட்டுவிட்டு அவர்கள் திரும்பப் படுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். சில வாரங்கள் கழித்து அவர்களே பேச்செடுத்தால், ஒரு விவரத்தை மட்டும், அது எந்த வசனத்தில் இருக்கிறது என்ற தகவலோடு சொல்லுங்கள். அவர்கள் வீட்டுக்குள் போய்த் தங்கள் சொந்த வேதாகமத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடிப் பார்க்கட்டும்.

உங்களுக்கே இப்போது தேவை இருக்குமானால், இன்றிரவு 1 இராஜாக்கள் 19இன் முதல் எட்டு வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். களைப்பாக இருந்தால் ஆறாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எலியா திரும்பப் படுத்துக்கொள்வது அந்த வசனத்தில்தான். அதற்குப் பின் வருகிற ஓரேப் மலையின் பெருங்காற்றும் பூமி அதிர்ச்சியும் அக்கினியும் நாளைக்கு இருக்கட்டும்.